உச்சி விடுபட்ட படம்

வாசலம்மா என்பது அவளுக்கு இருட்டு டாக்டர் வைத்த பெயர். இருட்டு டாக்டர் என்பது பதிலுக்கு அவள் வைத்தது. கறுப்புத் திரை தொங்கும் அறைக்குள் காலையில் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவார் அவர். வந்ததும் வெளிச்சம் தாங்காமல் கண்ணை இடுக்கிக்கொண்டு, எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார்.

அவர்கள் வேலை பார்த்தது ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதித் தரும் நிலையம் ஒன்றில். நோயாளிகள் அங்கே வருவதில்லை, படங்கள் மட்டும் வரும். சின்னச் சின்ன கிளினிக்குகளில் ஸ்கேன் எந்திரம் இருக்கும். எடுத்த படத்தைப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. அவர்கள் படங்களை ஒரு வெளிக் கம்பெனியின் இணையச் சேவையில் ஏற்றிவிடுவார்கள். அந்தச் சேவை அவற்றை இந்த நிலையத்துக்கு அனுப்பும். வந்து சேரும் கோப்புகளை வாங்கி, சரிபார்த்து, எது எந்த டாக்டருக்கு என்று பிரித்து உள்ளே விடுகிற புரோகிராமை எழுதியவள் அவள்தான். வெளியிலிருந்து எது வந்தாலும் அவளைத் தாண்டித்தான் வரவேண்டும். அதனால் வாசலம்மா.

அந்த வெளிக் கம்பெனியில் அனுப்பும் பக்கத்தைக் கவனித்தவன் அவளுடைய கொழுந்தன். வீட்டில் கடைக்குட்டி என்பதால் சின்னவன் என்று பெயர். முப்பதைத் தாண்டி, முன்மண்டையில் முடி குறைந்த பிறகும் அது மாறவில்லை. அவன் இருந்தது வேறு ஊரில். மாதம் ஒருமுறை வந்து போவான். வந்தால் சாப்பாட்டு மேசையில் அண்ணியும் கொழுந்தனும் கோப்பு, சர்வர் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். “ஒருத்தர் தள்ளிவிடறீங்க, ஒருத்தர் வாங்கிப் போடறீங்க. நல்ல குடும்பத் தொழில்” என்று அவள் கணவன் எழுந்து போய்விடுவான்.

ஒரு ஸ்கேன் என்பது ஒரே படமல்ல. ரொட்டியை மெல்லிசாக அரிந்து அடுக்கினதுபோல, உடம்பின் அடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு படம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அனுப்ப முடியாது; துண்டு துண்டாக வரும். கடைசித் துண்டும் போன பிறகு ‘முடிந்தது’ என்று ஒரு செய்தி வரும். அதைக் கண்டதும் வாசலம்மாவின் புரோகிராம் துண்டுகளை ஒட்டி, கதவைச் சாத்தி, முழுப் படத்தையும் டாக்டரின் திரைக்கு அனுப்பிவிடும். அதற்கப்புறம் ஏதாவது துண்டு தட்டுத்தடுமாறி வந்தால், ‘ஒதுக்கு’ என்று அவள் பெயரிட்டிருந்த இடத்தில் போய் விழும். அங்கே எப்போதாவது ஒன்றிரண்டு கிடக்கும். வாரக் கடைசியில் கூட்டித் தள்ளுவாள்.

அன்று காலை அவள் வேறு எதையோ தேடப் போய் ஒதுக்கைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கீழே போகப் போகப் பட்டியல் முடியவே இல்லை. துண்டுகள், துண்டுகள், துண்டுகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன.

முதலில் அவளுக்குத் தோன்றியது, ஒரே துண்டை அவர்கள் இரண்டு முறை அனுப்புகிறார்கள் என்பதுதான். அப்படியானால் பாதகமில்லை. உறுதி செய்துகொள்ள ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். இருட்டுக்கு நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம்; அதற்குள் சாம்பல் நிறம். ஒரு தலையின் உச்சி. யாருடைய தலை என்று எண்ணை வைத்துத் தேடினாள். அந்த ஸ்கேன் ஏற்கெனவே ‘முடிந்தது’ என்று டாக்டரிடம் போய், ரிப்போர்ட்டும் எழுதப்பட்டு, கிளினிக்குக்குத் திரும்பிப் போயிருந்தது. டாக்டர் பார்த்த படத்தில் இந்த உச்சி இல்லை.

இன்னொன்றைத் திறந்தாள். ஒரு முதுகெலும்பின் கடைசிக் கணுக்கள். இன்னொன்று நெஞ்சு. எல்லாமே அன்று காலையில் ரிப்போர்ட் ஆனவை.

சின்னவனைக் கூப்பிட்டாள். அவன் உற்சாகமாகத்தான் எடுத்தான். நேற்று சாயங்காலம் புது வெர்ஷன் போட்டதாகவும், அனுப்புகிற வேகம் மூன்று மடங்காகிவிட்டதாகவும், இவளிடம் தானே சொல்லலாமென்று இருந்ததாகவும் சொன்னான். என்ன மாற்றினாய் என்று கேட்டாள்.

“முன்னாடி ஒண்ணு போன பிறகுதான் அடுத்த துண்டு போகும், அண்ணி. இப்ப எல்லாத்தையும் ஒரே நேரத்துல விட்டுர்றோம். வரிசையில நிக்க வேண்டாம்ல.”

“அப்ப ‘முடிந்தது’ எப்ப போகும்?”

“எல்லாத்தையும் அனுப்பின உடனே...” என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான்.

அவளுக்கும் புரிந்துவிட்டது. பத்துப் பேரை ஒரே சமயத்தில் ஓடவிட்டால், முதலில் புறப்பட்டவன்தான் முதலில் வந்து சேருவான் என்று யார் சொன்னது? ‘முடிந்தது’ என்ற செய்தி ஒரு சொல்தான், எடையே இல்லாதது. கனமான துண்டுகளை முந்திக்கொண்டு அது வந்து நின்றிருக்கிறது. அது சொன்னதை நம்பி இவள் கதவைச் சாத்தியிருக்கிறாள். பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தவை எல்லாம் ஒதுக்கில் கிடக்கின்றன.

“எங்க பக்கம் எல்லாம் பச்சையா காட்டுது அண்ணி” என்றான் சின்னவன். குரல் இறங்கியிருந்தது.

“என் பக்கமும் பச்சைதான். ரெண்டு பேரும் பச்சையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம். போனை வைக்காத, அப்படியே இரு.”

அவள் எழுந்து மேலாளரின் அறைக்குப் போனாள். மேலாளர் கெட்டவரல்ல, எதையும் உடனே நம்பமாட்டார், அவ்வளவுதான். படங்கள் குறைவாக வருகின்றன, வாசலை உடனே மூடவேண்டும் என்று அவள் சொன்னதும், எத்தனை படம், எந்த கிளினிக், நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு அவள் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். இப்போது மூடினால், இந்த நிமிஷம் எங்கேயோ ஒரு ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறவனுக்கு ரிப்போர்ட் போகாதே, அவன் செத்தால் யார் பதில் சொல்வது?

திறந்து வைத்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டரிடமே கேட்டுவிடுவோம் என்று இருவருமாக இருட்டறைக்குப் போனார்கள்.

அறையில் ஏ.சி. மட்டும் முனகிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு மார்பு ஸ்கேனை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது. காலையிலிருந்தே சில படங்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்ததைக் கவனித்ததாகவும், சின்ன கிளினிக்குகளில் அவசரத்தில் அப்படி எடுப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். பார்த்த அளவுக்கு என்று குறிப்புப் போட்டுத்தான் எழுதினாராம்.

“மூடுங்க” என்றார். “அரைப் படத்தைப் பார்த்து முழு வார்த்தை சொல்றதுக்கு நான் வாயை மூடிட்டு இருக்கலாம்.”

அவசரக் கேசுகளுக்கு என்ன செய்வது என்று மேலாளர் கேட்டார். அதற்கும் டாக்டரே வழி சொன்னார். கிளினிக்குக்குப் போன் போட்டு, எந்திரத்தில் எத்தனை படம் எடுத்தீர்கள் என்று வாயால் கேளுங்கள். இங்கே அத்தனையும் வந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் கையால் திறந்து உள்ளே விடுங்கள். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் பொய் நடக்காது.

அவள் தன் இடத்துக்கு ஓடிப்போய் வாசலைச் சாத்தினாள். ஒரே ஒரு வரி. திரையில் பச்சையாக இருந்தவை எல்லாம் நின்று மஞ்சளாயின. மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே போனை எடுத்து ஒவ்வொரு கிளினிக்காகக் கூப்பிட ஆரம்பித்தார். எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டே எண்ணிக்கையைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இனி வருவதைத் தடுத்தாயிற்று. ஏற்கெனவே போனவை? ஒதுக்கில் கிடந்த துண்டுகளை அவரவர் ஸ்கேனோடு சேர்த்து ஒட்ட, அவசர அவசரமாக ஒரு சின்னப் புரோகிராமை எழுதினாள். விரல்கள் தப்புத் தப்பாக அடித்தன. இருந்த இடத்திலேயே ஒரு முறை எழுந்து நின்று மூச்சை இழுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். முழங்காலும் தோளும் காத்திருக்கலாம். தலைகள் முதலில் என்று முடிவு செய்தாள்.

முழுமையான தலைகள் ஒவ்வொன்றாக டாக்டரின் திரைக்குப் போயின. அவள் அவருக்குப் பின்னால் நின்றாள். முதல் தலை சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதை அவர் அடியிலிருந்து மேலே உருட்டிக்கொண்டு வந்தார். உச்சிக்கு வந்ததும் சட்டென்று நின்றார். கீழே போனார். திரும்ப மேலே வந்தார். மண்டையோட்டுக்கு உட்புறமாக, பிறையைப்போல ஒரு வெள்ளைப் படிவு. அவளுக்கே தெரிந்தது.

“ரத்தமா டாக்டர்?”

“ரத்தம்தான். உச்சியில கட்டியிருக்கு. இது மெதுவாத்தான் பெருசாகும். ஆளு நல்லாத்தான் பேசுவான், நடப்பான். தலைவலின்னு போய்ப் படுப்பான்.” பழைய ரிப்போர்ட்டைத் திறந்தார். அவர் எழுதியதுதான். பார்த்த அளவில் ரத்தக்கசிவு இல்லை. மேற்பகுதி படத்தில் சேரவில்லை. “ரெண்டாவது வரியும் எழுதியிருக்கேன். எழுதி என்ன பிரயோஜனம்? முதல் வரியில ‘இல்லை’ன்னு பார்த்த பிறகு எவன் ரெண்டாவது வரி படிப்பான்?”

அவள் கிளினிக்குக்குப் போன் போட்டாள். எடுத்த நர்ஸுக்கு ஆளை நன்றாக நினைவிருந்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவர், ஏணியிலிருந்து சரிந்து விழுந்தவர், வந்தபோதுகூட விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததால் மாத்திரை கொடுத்து, நன்றாகத் தூங்கி எழுந்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். மனைவி வந்து கூட்டிப்போனாள். நர்ஸ் கொடுத்த எண் அவருடையது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மனைவி துணி வெளுக்கும் பெரிய கூடமொன்றில் வேலை பார்க்கிறவள். வேலை நேரத்தில் அங்கே போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்தக் கூடத்தின் எண் நர்ஸுக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, ஆனால் அது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வீடு எங்கே என்று கேட்டதற்கு, தெருவின் பெயரைச் சொல்லி, கீழே சாவி செய்கிற கடை இருக்கும், அதற்கு மேல் மாடி, வெளிப்பக்கமாகப் படிக்கட்டு என்றாள் நர்ஸ்.

அவளுடைய இன்னொரு போனில் சின்னவன் இவ்வளவு நேரமும் அறுபடாமல் இருந்தான். எல்லாம் கேட்டிருந்தான்.

“அந்தத் தெரு எங்க ஆபீஸுக்குப் பின்னாடிதான் அண்ணி” என்றான். “ஆனா இங்க பழைய வெர்ஷனை உடனே திரும்பப் போடச் சொல்லி என் தலை மேல நிக்கிறாங்க. எழுந்தா வேலை போயிரும்னு சொல்றாங்க.”

“வாசலைத்தான் நான் மூடியாச்சே. உன் வெர்ஷன் எங்கயும் ஓடாது. நீ ஓடு.”

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். பிறகு படியிறங்கும் சத்தம், மோட்டார் சைக்கிள் உதைபடும் சத்தம். போனை அவன் சட்டைப் பையில் போட்டிருக்கவேண்டும். காற்று இரைந்தது, இடையிடையே ஹாரன்.

டாக்டர் அவளருகே வந்து நின்றார். கறுப்புத் திரையை யாரோ விலக்கியிருந்தார்கள், அவர் கண்ணை இடுக்கவில்லை. மேலாளர் தன் போனைக் காதிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார். அவளுடைய போனிலிருந்து வந்த இரைச்சலைத்தான் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஏதோ படம் தெரிவதுபோல.

இரைச்சல் நின்றது. ஓடும் காலடிகள், இரும்புப் படிக்கட்டின் அதிர்வு, பிறகு கதவைத் தட்டும் சத்தம். தட்டினான், கூப்பிட்டான், மறுபடி தட்டினான். பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு பெண் குரல், யார் நீ, எதுக்கு இப்படி உடைக்கிறே என்று கேட்டது. அவன் மூச்சு வாங்கியபடி ஏதோ சொன்னான். அவள் கேட்பதாக இல்லை. அவர் தூங்குகிறார், டாக்டரே தூங்கச் சொல்லியிருக்கிறார், யாரும் எழுப்பக்கூடாதென்று பெண்டாட்டி வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள், எழுப்பினால் வந்து என்னைத்தான் கேட்பாள் என்றாள்.

டாக்டர் குனிந்து போனை எடுத்தார். “தம்பி, போனை ஸ்பீக்கர்ல போட்டு அந்தம்மா பக்கம் காட்டுங்க.” பிறகு நிதானமாகச் சொன்னார்: “அம்மா, அவருக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதின டாக்டர் நான்தான். நான் எழுதினது தப்பு. அவரைத் தூங்க விடக்கூடாது. இந்தப் பையனை உள்ள போக விடுங்க.”

“அப்ப ஜன்னலை உடை” என்றாள் அந்தப் பெண்.

ஹெல்மெட்டால் அடித்திருக்கிறான். முதல் அடிக்கு உடையவில்லை. கண்ணாடிக்காரர் தன் வீட்டுக்கு நல்ல கண்ணாடியாகத்தான் போட்டிருந்தார். மூன்றாவது அடியில் உடைந்து கொட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் வெகு நேரம், உண்மையில் கொஞ்ச நேரம்தான் இருக்கும், துணி உரசும் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. வாசலம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், கீழ கிடக்கிறாரு. வாந்தி எடுத்திருக்காரு.”

“மூச்சு?”

“இருக்கு. குறட்டை மாதிரி வருது.”

ஒருக்களித்துப் படுக்க வை, வாயைத் துடைத்துவிடு, சத்தமாகக் கூப்பிட்டுப் பார் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சின்னவன் அதேபோலச் செய்துவிட்டு, கண் திறக்கிறாரு, ஆனா என்னைப் பார்த்து ஏணியை நேராப் பிடிடான்னு சொல்றாரு என்றான். அவன் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. காலை அசைக்கச் சொல் என்றார் டாக்டர்.

“கை அசையுது. இடது காலு... அசையல டாக்டர்.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். “பரவாயில்ல. பேசிக்கிட்டே இரு. அவரைத் திட்டு, என்ன வேணும்னாலும் பண்ணு. தூங்க விடாத.”

சின்னவன் பேசினான். அந்த அறையில் என்னென்ன தெரிகிறதோ எல்லாவற்றையும் பற்றி அந்த மனிதரிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். இந்த அலமாரி எங்கே வாங்கினீர்கள், இந்தப் படத்தில் இருப்பது யார், அந்தச் செருப்பு உங்களுடையதா. பதில்கள் குழறலாக வந்தன. சில சமயம் வரவேயில்லை. வராதபோது அவன் குரல் உயர்ந்தது. நடுவில் இன்னொரு ஆளின் குரல் கேட்டது. கீழ்க்கடை சாவிக்காரர். கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டு ஏறி வந்திருக்கிறார்.

“ஏம்பா, பூட்டிதானே இருந்துச்சு? கீழ நான் எதுக்கு உட்கார்ந்திருக்கேன்? கூப்பிட்டிருந்தா ஒரு நொடியில திறந்திருப்பேனே” என்றார் அவர் மனத்தாங்கலோடு. இந்தப் பக்கம் மேலாளர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தார்.

சாவிக்காரர் பூட்டைத் திறந்து வைக்கவும் ஆம்புலன்ஸ் வந்தது. படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் வளையவில்லை. சாவிக்காரர் தன் கடை நாற்காலியைக் கொண்டுவர, அதில் உட்காரவைத்து, சின்னவனும் அவருமாகத் தூக்கி இறக்கினார்கள். இவள் ஒட்டிச் சேர்த்த முழு ஸ்கேன், டாக்டரின் புது ரிப்போர்ட்டோடு, வண்டி போய்ச் சேருமுன்பே அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. கையால் அனுப்பினாள். படங்களை எண்ணி அனுப்பினாள். அங்கேயும் எண்ணிப் பார்க்கச் சொன்னாள்.

அதற்கப்புறம் உட்கார நேரமில்லை. மிச்சத் தலைகள், பிறகு நெஞ்சுகள், வயிறுகள், முதுகுகள். டாக்டர் சாப்பிடாமல் பார்த்தார். இன்னும் இரண்டு ரிப்போர்ட்டுகளை மாற்றவேண்டியிருந்தது. ஒன்றில் முதுகெலும்பில் ஒரு கீறல், இன்னொன்றில் சிறுநீரகத்தில் ஒரு கல். உயிருக்கு மோசமில்லை. மேலாளர் அவர்களைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார்.

பிற்பகலில் சின்னவன் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில்தான் இருந்தான். கண்ணாடிக்காரரை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மனைவிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் நேரிலேயே போய்ச் சொல்லி அழைத்து வந்திருந்தாள்.

“அண்ணி, அந்த அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறாங்க. எங்க இருந்தோ கடவுள் அனுப்பின மாதிரி வந்தீங்கன்னு சொல்றாங்க. நான் யாருன்னு கேக்கிறாங்க. என்ன சொல்றது?”

சொல்லாதே என்றுதான் முதலில் அவள் வாயில் வந்தது. கொழுந்தனைக் காப்பாற்ற வந்ததா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

“இன்னிக்கு வேண்டாம். உள்ள ஆபரேஷன் நடக்குது, இப்ப அவங்க தலையில இதையும் ஏத்தாத. ஆனா சொல்லாம விடக்கூடாது. சொல்லும்போது நானும் வரேன்.”

கண்ணாடிக்காரர் பிழைத்தார். ரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள். “தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்னு சும்மாவா சொன்னாங்க” என்றார் இருட்டு டாக்டர், செய்தி வந்ததும். ஆனால் அன்று அவர் முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை.

அடுத்த நாட்கள் நன்றாக இல்லை. நடந்ததை எழுதித் தரச் சொல்லி நிலையத்தின் மேலிடத்தில் கேட்டார்கள். மேலாளர், தவறு அனுப்பிய பக்கம்தான் என்று எழுதினால் நிலையத்துக்கு நல்லது என்று சொல்லிப் பார்த்தார். வீட்டிலோ கணவன் நேர்மாறாக, உன் கையாலேயே என் தம்பி வேலைக்கு உலை வைக்காதே என்றான். அண்ணன் தம்பிக்காகப் பேசுவது நியாயம்தான். ஆனால் அவன் சாப்பிடாமல் எழுந்து போனது அவளுக்கு வலித்தது. சின்னவனையே கேட்டாள். உள்ளது உள்ளபடி எழுதுங்கள், என்னைக் காப்பாற்றி எழுதினால் அடுத்த முறை ஊருக்கு வந்து உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றான் அவன்.

அவள் இரண்டு பக்கத்தையும் எழுதினாள். அவர்கள், எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று பாராமல் ‘முடிந்தது’ என்றார்கள். நாங்கள், எல்லாம் வந்ததா என்று எண்ணாமல் ‘முடிந்தது’ என்பதை நம்பினோம். இரண்டில் எது ஒன்று சரியாக இருந்திருந்தாலும் அந்த மனிதர் தரையில் கிடந்திருக்கமாட்டார். படித்துவிட்டு மேலாளர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

சின்னவனுக்கு வேலை போகவில்லை. அனுப்பும் பக்கத்திலிருந்து எடுத்து வேறு மேசையில் உட்காரவைத்தார்கள். வாசலம்மாவுக்கு ஓர் எச்சரிக்கை. அவளும் அவளோடு சேர்ந்தவர்களுமாக வாசலைப் புதிதாகக் கட்டினார்கள். இப்போது எந்த ஸ்கேனும் வருமுன், மொத்தம் எத்தனை படம் என்பதை முதலில் சொல்லவேண்டும். அத்தனையும் வந்து எண்ணிக்கை சேராதவரை, யார் என்ன சொன்னாலும் கதவு திறக்காது.

கண்ணாடிக்காரர் எழுந்து உட்கார ஆரம்பித்ததும் அவள் பஸ் ஏறிப் போனாள். சின்னவன் ஆஸ்பத்திரி வாசலில் பழக்கூடையோடு நின்றுகொண்டிருந்தான். கூடையை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் மாற்றிக்கொண்டே இருந்தான்.

வார்டில் கண்ணாடிக்காரர் தலையில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி சின்னவனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்து, தம்பி வந்துட்டீங்களா என்றாள். இடது கால் லேசாக இழுக்கிறது, பழகப் பழகச் சரியாகும் என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். அவர்களை உட்காரச் சொன்னாள். சின்னவன் உட்காரவில்லை.

“அக்கா, நான் அன்னிக்கு சும்மா வரல” என்றான். அவ்வளவுதான் வந்தது. மிச்சத்தை வாசலம்மா சொன்னாள். படம் எடுத்ததில் தப்பில்லை, வந்து சேர்ந்ததில்தான் தப்பு. அனுப்பினது இவன், வாங்கினது நான். கடைசிப் பகுதி எங்களிடம் வந்து கிடந்தது, நாங்கள் பார்க்கவில்லை. அதனால்தான் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. சுருக்கமாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டே கட்டிலின் இரும்புக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தாள். சிரிப்பு எப்போது போனதென்று தெரியவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆயிற்றா என்று கேட்டாள். எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டோம் என்றாள் வாசலம்மா. இனிமேல் ஆகுமா என்று அந்தப் பெண் கேட்டாள். இந்த வழியில் ஆகாது; ஆனால் வேறு வழியில் ஆகவே ஆகாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது என்றாள் இவள்.

“கதவைப் பூட்டிட்டுப் போனது நான்” என்றாள் அந்தப் பெண், யாரையும் பார்க்காமல். “நிம்மதியாத் தூங்கட்டும்னு பூட்டினேன். இத்தனை நாளா அதை நெனைச்சு நெனைச்சு செத்துக்கிட்டிருந்தேன்.”

சின்னவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

“நீங்க ஓடி வந்ததும் நிஜம். நீங்க பண்ணதும் நிஜம். ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்க இப்ப எனக்குத் தெம்பில்ல, தம்பி. இன்னிக்குப் போங்க. இன்னொரு நாள் வாங்க.”

பழக்கூடையை அவள் வாங்கிக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு, போர்வையைக் கணவனின் கால்மேல் இழுத்துவிட்டாள்.

இருவரும் வெளியே வந்தார்கள். லிஃப்டுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் படியிலேயே இறங்கினார்கள். கீழே வெயில் கொளுத்தியது. தெருவைக் கடக்க நின்றபோது சின்னவன் கேட்டான்.

“நிஜமாவே வரச் சொன்னாங்களா அண்ணி, இல்ல, பேச்சுக்குச் சொன்னாங்களா?”

“தெரியல. வந்து பார்த்தாத்தான் தெரியும்” என்றாள் அவள். வண்டிகள் குறைந்ததும் இருவரும் சேர்ந்து தெருவைக் கடந்தார்கள்.